மசோதா அண்ணன் சேர்த்துப் பேசிய இரண்டு தீர்மானம்

தலைவர் பழனிசாமி. செயலாளர் ரங்கசாமி. நூல் சுற்றும் பகுதியிலிருந்து ஆரோக்கியம், கமிட்டியில் ஒரே பெண். பஞ்சு பிரிக்கும் பகுதியிலிருந்து கருப்பண்ணன். மசோதா அண்ணன். கடைசி பெஞ்சில் நான். உக்கடத்தில் சைக்கிள் கடை மாடியில் கூடிய எங்கள் மில் சங்கக் கமிட்டி, அன்று அவ்வளவுதான்.

கோயமுத்தூரில் எத்தனை மில் உண்டோ அத்தனை சங்கம் உண்டு. மசோதா அண்ணன் மாதிரி ஓர் ஆள் எதிலும் கிடையாது. அவர் இருந்த கமிட்டியில் நானும் இருந்தேன் என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

ஒரு தடவை மெட்ராஸ் போனவர், பாஸ் வாங்கிச் சட்டசபையை ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். சம்பந்தமுள்ள இரண்டு மசோதாவைச் சேர்த்துப் பேசினார்களாம். ஓட்டு மட்டும் தனித்தனியாம். ஊர் திரும்பியபின் அவருக்கு எல்லாமே மசோதாதான்.

மச்சினன் கல்யாணத்துக்குப் போவதையும், அதற்குப் பட்டுச்சேலை எடுப்பதையும் வீட்டில் சேர்த்துப் பேசினார். கல்யாணம் நிறைவேறியது. சேலை தோற்றது. அன்று மத்தியானம் சம்சாரம் வெறும் சோற்றை வைத்தார்.

"கொழம்பு எங்க அம்மணி?"

"ரெண்டையும் சேத்துத்தானுங்க பேசுனேன். ஓட்டுல கொழம்பு தோத்துப்போச்சுங்க."

அண்ணன் முடிவை மதித்து வெறும் சோறு தின்றார்.

கமிட்டிக்கு வருகிறேன். முதல் தீர்மானம், என்னைச் சங்கத்தைவிட்டு நீக்குவது. ஸ்ட்ரைக் நாளில் நான் மேனேஜர் காரில் ஏறி மில் கேட்டைத் தாண்டி வந்தேன். அண்ணன் கண்ணாலேயே பார்த்தார். தீர்மானம் கொண்டுவந்ததும் அவர்தான். நீக்கினால் கருங்காலி என்ற பேர் நிற்கும். மில்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். நான் வாயைத் திறப்பதாக இல்லை. ஸ்ட்ரைக் அன்று மேனேஜர் முன்னால் கைகட்டி நின்றதை எப்படிச் சொல்வது?

இரண்டாவது, ஆரோக்கியம் கொண்டுவந்தது. பிரசவ அவசரத்துக்குச் சங்கம் ஒரு ஜட்கா வண்டி அமர்த்த வேண்டும்.

தலைவர் முதலாவதை ஓட்டுக்கு விடப்போனார். அண்ணன் எழுந்தார்.

"இருங்க. அதுலயும் வண்டி வருது, இதுலயும் வண்டி வருது. சம்பந்தப்பட்டதுங்க. சேத்துத்தான் பேசோணும்."

"காருக்கும் குதிரைக்கும் என்னங்க சம்பந்தம்? மாமன் மச்சானா?" என்றார் கருப்பண்ணன்.

அண்ணன் அசையவில்லை. அரைமணி நேரம் இழுத்தது. தலைவர் சலித்துப்போய் ஒத்துக்கொண்டார்.

ஆரோக்கியம் எழுந்தாள்.

"இவரு விசயத்துல பேசமாட்டேன்னு இவருகிட்டயே வாக்குக் குடுத்தனுங்க. இப்ப என் தீர்மானத்தைப் பேசறேன். ஸ்ட்ரைக் அன்னைக்கு ஜட்கா எல்லாம் நம்ம ஊர்வலத்துக்குப் போயிருச்சு. இவரு சம்சாரம் ஊட்ல வலியில துடிச்சுது. இவரு போய்க் கெஞ்சிக் காரை வாங்கிட்டு வந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனது நானுங்க. இல்லாட்டி ரெண்டு உசுரு போயிருக்கும்."

செயலாளர் மெதுவாக, முதல் தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிடலாமே என்று அண்ணனைக் கேட்டார்.

"பேசுனதுக்கு ஓட்டு உண்டுங்க. தனித்தனியா."

ஜட்காவுக்கு ஆறு கையும் தூக்கினோம். அடுத்தது என்னுடையது. எல்லோரும் அண்ணன் கையைப் பார்த்தார்கள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆதரவு: பூஜ்யம்.