நீலச் சட்டைக்குப் போர்த்திய பொன்னாடை

என் மாமனாருக்கு வாழ்க்கையின் முதல் பொன்னாடையைப் போர்த்தியவன் நான்தான். அப்போது அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போர்த்தியிருக்கவே மாட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டு விழாவில் நான் வரவேற்புக் குழுத் தலைவன். (குழுவில் மொத்தம் நாலு பேர். மூன்று பேர் பன்னீர்ச் செம்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.) நெஞ்சில் காகித ரோஜா குத்தியதும் தலைக்கனம் தாங்கவில்லை. சொந்தத் தம்பியையே, "நீ யாருப்பா, அடையாள அட்டை இருக்கா?" என்று கேட்டேன்.

அந்த வருடம் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்று எங்கள் பள்ளிப் பெண்களுக்குப் புதிய கழிவறை கட்டிக் கொடுத்திருந்தது. அதன் மேனேஜர்தான் சிறப்பு விருந்தினர். எங்கள் ஹெச்.எம். மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மேனேஜரிடம் போனில் பேசியதோடு சரி, முகம் பார்த்ததில்லை.

"கம்பெனி நீலச் சட்டையில நாலு மணிக்கு வருவாரு. மரியாதையில ஒரு கொறை வரக்கூடாது. பெத்தவங்கள எல்லாம் பக்கத்துக் கேட்டு வழியா பின்வரிசைக்கு அனுப்பிடு" என்றார்.

எங்கள் வீட்டில் நெல் விவசாயம். கம்பெனியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதன் சங்குச் சத்தம் மட்டும்தான். அங்கே மேனேஜர் முதல் காண்டிராக்ட் வெல்டர் வரை எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரியாக நாலு மணிக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு நீலச் சட்டை இறங்கியது. 'எவ்வளவு எளிமையான மனிதர்!' என்று உருகிப்போய்க் கையைத் தூக்கினேன். பேண்டு முழங்கியது. பன்னீரைத் தெளித்த தெளிப்பில் அவர் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

"தம்பி, தம்பி! நான் பொண்ணு டான்ஸ் பாக்க வந்தேம்பா" என்றார், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தபடி.

"எல்லாப் பொண்ணுங்களும் உங்க பொண்ணுங்கதான் சார்!" என்று சொல்லிப் பொன்னாடையைப் போர்த்தினேன். (அந்த ஒரு வரிக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.) அவர் பின்வாங்கப் பின்வாங்க, என்ன ஒரு அடக்கம் என்று கையைப் பிடித்து மேடைக்கே இழுத்துப் போய் நடு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

ஹெச்.எம். புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தபோது மேடை ஓரத்தில் யாரோ என் சட்டையை இழுத்தார்கள். பத்தாம் வகுப்பு ரேவதி. ஜரிகைப் பாவாடை, கன்னத்தில் இரண்டு வட்டம் ரோஸ் பவுடர், கண்ணில் முட்டிக்கொண்டு நிற்கும் தண்ணீர்.

"அண்ணா, எங்க நைனா இன்னாத்துக்கு மேடையில குந்திகினு கீறாரு?"

மேடையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து கேட்டிலிருந்து என் குழுக்காரன் ஓடி வந்தான். "டேய், கார்ல ஒருத்தர் நீலச் சட்டையில வந்தாரு. இன்னாமோ இங்கிலீஷ்ல சொன்னாரு. நீ சொன்ன மாதிரியே பின்வரிசைக்கு அனுப்பிட்டேன்."

ஐயோ! மேடைக்குத் தாவப் போனேன். ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லார் எதிர்லயும் எறக்கி உட்டுடாதீங்கண்ணா. நான் ஒண்ணாவதுலேர்ந்து ஆடறேன், இன்னிக்குதான் அவருக்கு அரை நாள் லீவு குட்த்தாங்க. அசிங்கமாப் பூட்டா இனிமே ஸ்கூல் பக்கமே வரமாட்டாரு."

அதற்குள் ஹெச்.எம்., "கழிவறை தந்த வள்ளல் இப்போது சில வார்த்தைகள் பேசுவார்" என்று அறிவித்துவிட்டார்.

அவர் எழுந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்தார், ஓரத்தில் நின்ற மகளைப் பார்த்தார்.

"வணக்கங்க. நான் மேனேஜர் இல்ல, வெல்டரு. இந்தத் தம்பி ஆசையாக் கூட்டாந்து குந்த வச்சிட்டாரு. நான் ஒண்ணும் டப்பு குடுக்கல. ஆனா அந்த இரும்புக் கதவுங்கள நான்தான் வெல்டிங்ல பத்த வச்சேன். முன்னாடியெல்லாம் உள்ள ஒரு பொண்ணு போனா, வெளியே ஒரு பொண்ணு கதவப் புட்ச்சிக்கினு நிக்கணுமாம். எம் பொண்ணு சொல்லிச்சு. அதான் தாப்பாள ரெண்டு தபா செக் பண்ணேன். இனிமே யாரும் புடிக்க வேணாம், தாப்பா நல்லா உழும்."

ஹெச்.எம். முகம் சுண்டிப்போனது. எனக்கோ எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கைத்தட்டல் கிளம்பியது. கதவு பிடித்து நின்ற பிள்ளைகள் அல்லவா, நிறுத்தவே இல்லை. பின்வரிசையில் ஒரு நீலச் சட்டையும் எழுந்து நின்று தட்டியது.

மேனேஜரை மேடைக்கு அழைத்து வந்தோம். இரண்டாவது பொன்னாடை ஏது? நைனாவே தன் தோளிலிருந்ததைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். ரேவதி ஆடினாள். முதல் நாலு அடியும் தப்பு, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தால் தப்பாமல் என்ன செய்யும்? என் ரோஜாவைப் பிடுங்கிக்கொண்டு, அத்தனை நாற்காலியையும் அடுக்கும் பொறுப்பைத் தந்தார்கள். கடைசி வரை கூட நின்று அடுக்கிக் கொடுத்தவர் ரேவதியின் நைனாதான்.

டிப்ளமோ முடித்து அதே கம்பெனியில் அதே நீலச் சட்டையை மாட்டினேன். முதல் நாள் கேண்டீனில், "வாங்க வரவேற்புக் குழு!" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்து, பல வருடம் கழித்து ஒருநாள் ரேவதியைப் பெண் கேட்டேன். (எங்கள் வீட்டைச் சம்மதிக்க வைக்க இரண்டு வருடம் ஆனது. அந்தப் பேஜாரைச் சொல்ல இது இடமில்லை.)

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாப் பொண்ணுங்களும் எம் பொண்ணுங்கதான்னு சொன்ன. இப்போ இன்னாத்துக்கு எம் பொண்ணு மட்டும்?"

போன மாதம் எங்கள் மகள் பள்ளியில் ஆண்டு விழா. வாசலில் பிள்ளைகள் பன்னீர்ச் செம்போடு நின்றார்கள். மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் காதருகே கேட்டார்:

"மாப்ள, இன்னிக்கு நான் மேலயா, கீழயா?"

"கீழதான் மாமா. உங்க பேத்தி டான்ஸு அங்கேர்ந்துதான் நல்லாத் தெரியும்."