இரும்புக் கண்மையைக் கரடி நக்கிய கதை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நமக்கு வேண்டியவன் அதே காட்டில் வாழ்ந்த சிங்கவால் குரங்கு குப்புசாமி. முகத்தைச் சுற்றி ராஜாவுக்குச் சமமான பிடரி. பார்த்த வேலையோ பெரியப்பாவின் முதுகில் பேன் எடுப்பது.

"கழுத்துக்குக் கீழே, இடப்பக்கம்" என்பார் பெரியப்பா. "பாட்டு கீட்டுன்னு வாயைத் திறக்காதே. பேன் உஷாராயிடும்."

ஒருநாள் குப்புசாமி எழுந்து நின்றான். "மழைக்காலம் முடியறதுக்குள்ள நான் ஸ்டார் ஆகலைன்னா, ஆயுசுக்கும் உங்க முதுகுதான் பெரியப்பா."

பெரியப்பா ஒத்துக்கொண்டார். முதுகை மட்டும் அப்படியே வைத்திருந்தார்.

குப்புசாமி 'சிலுப்பன்' ஆனான். கண்ணுக்கு மை தீட்டினான். மலைப்பாம்பு உரித்துப்போட்ட தோலை இறுக்கமான பேன்ட்டாகத் தைத்துக்கொண்டான். அதன் பிறகு உட்காரவே முடியவில்லை. பிடரியில் தேனைக் குழைத்துத் தடவி வானத்தைப் பார்க்க நிறுத்தினான். முள்ளம்பன்றி தன் முள்ளையே கிட்டாராக மீட்டியது. டிரம்ஸுக்குக் கரடி ஜாம்பு வந்தான். சம்பளம் வேண்டாம், சிலுப்பனுக்கு நேர் பின்னால் உட்கார இடம் போதும் என்றான்.

"என்ன ஒரு கலை தாகம்" என்று சிலுப்பன் நெகிழ்ந்துபோனான்.

குழுவுக்கு 'இரும்புக் கண்மை' என்று பெயர். பாட்டென்றால் பெரும்பாலும் 'ஆ'தான், ஆனால் நீளமான 'ஆ'. மான்கள் மயங்கி விழுந்தன. நரிகள் ஊளைக்கு டியூஷன் கேட்டன. சிலுப்பனைப் பார்த்துக் காதில் தேன் தடவிய முயல்கள் மரத்தில் ஒட்டிக்கொள்ள, பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். மயிலே வந்து, "பேன்ட் எங்க தச்சது?" என்று விசாரித்தது.

காட்டுத் திருவிழா வந்தது. சிலுப்பன் மெதுவான காதல் பாட்டை எடுத்தான். கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்தான்.

"ஒரே ஒரு வாய், தலைவா" என்றது பின்னால் ஒரு குரல்.

ஒரு நக்கில் பிடரியின் இடப்பக்கம் படுத்துவிட்டது. பார்க்க நன்றாக இல்லையே என்று ஜாம்பு வலப்பக்கத்தையும் நக்கிச் சரிசெய்தான்.

"அட, இது நம்ம பேன் பாக்குற குப்பு" என்றது முன்வரிசை மான்.

சிலுப்பன் திரைக்குப் பின்னால் ஓடினான். தொகுப்பாளர் மைனா மைக்கைத் தட்டியது. "ரசிகப் பெருமக்களே, தலை தயாராகும் வரை அமைதி காக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

குளத்திலிருந்து உடம்பெல்லாம் சேறாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த எருமை மந்தையப்பன், மேடை காலியாகத்தானே இருக்கிறது என்று ஏறி, மைக் கம்பியில் முதுகைத் தேய்த்தான். ஸ்பீக்கர் கரகரத்தது. "ம்ம்ம்" என்றான்.

விமர்சகர் ஆந்தை எழுந்து நின்றது. "பாசாங்கே இல்லை. அந்தக் குரலில் ஒரு வலி இருக்கு."

"வலி இல்லீங்க, அரிப்பு."

"பாருங்க, என்ன தன்னடக்கம்."

மறுநாளே காடு முழுக்கச் சேற்றில் புரண்டது. கண்மைக் கடைகள் மூடின. 'இசை சார்ந்த கருத்து வேறுபாட்டால்' ஜாம்பு குழுவிலிருந்து விலகினான். சேறு ருசிக்கவில்லை.

மழைக்காலம் முடியப்போகிறது. குப்புசாமி பேன்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பெரியப்பாவை நோக்கி நடந்தான். வழியில் மந்தையப்பன் மூச்சிரைக்க ஓடிவந்து மறித்தான்.

"தம்பி, மழை என்னைக் கழுவிவிட்டுடுச்சு. பளபளன்னு போய் நின்னா, காசுக்கு மாறிட்டான்னு திட்றாங்க. நானே பூசினா திட்டுத்திட்டா தெரியுது. உங்க கை பழகின கை, இல்லியா?"

குப்புசாமி தோளிலிருந்த பேன்ட்டை இறக்கி வைத்தான். பிறகு கண்மை தீட்டிய தூரிகையை எடுத்தான்.

இப்போதெல்லாம் நிகழ்ச்சிக்கு முன் மந்தையப்பனுக்கு மணிக்கணக்கில் சேற்று மேக்கப் நடக்கிறது.

"நெத்தியில இன்னும் கொஞ்சம் அலட்சியமா வைப்பா."

"ஆடாதீங்கண்ணே. அலட்சியம் கலைஞ்சிடும்."

நீதி: எப்போதும் நீ நீயாகவே இரு. அது தனி ஆளாகச் செய்கிற வேலை இல்லை. நல்ல மேக்கப்மேனாகப் பார்த்து வைத்துக்கொள்.