நாலு பேரும் ஐந்து துணைக் கதாபாத்திரங்களும்

பட்டாசு ஆலைகளில் விபத்தைத் தடுக்க என்ன செய்யலாம் என்று விருதுநகரில் கூடிய குழு, ஒன்பது மாதம் ஆராய்ந்து, மிருகங்களைப் பேச வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. மனிதர்கள் பேசினால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது கள ஆய்வில் தெரியவந்திருந்தது. இதற்கெனச் சித்திர விழிப்புணர்வுத் தனிப்பிரிவு என்று ஒன்று உதயமாயிற்று. அதற்கு ஓர் அறை, இரண்டு மின்விசிறி, ராஜபாண்டியன் என்ற தனி அலுவலர், அவர் எதைச் சொன்னாலும் "ஆமா சார்" சொல்ல ஓர் உதவியாளர். இந்தக் காலத்தில் கார்ட்டூன் போடாமல் எந்த நல்ல காரியமும் தொடங்குவதில்லை. கொசு ஒழிக்கவும் கார்ட்டூன், குப்பை பிரிக்கவும் கார்ட்டூன். பட்டாசு மட்டும் என்ன பாவம் செய்தது?

படம் வரையும் பொறுப்பு பாண்டிலட்சுமியிடம் வந்தது. திருத்தங்கலில் ஓர் அச்சாபீஸில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்கிறவள். பன்னிரண்டு வருஷமாகப் புஸ்வாணத்துக்கு மயிலும் சரவெடிக்குப் புலியும் போட்டுப் போட்டு, மிருகம் என்றால் அவள் கை தானாக ஓடும்.

அவளுக்கு இதில் சொந்தக் காரியமும் ஒன்று இருந்தது. தங்கை பொன்மணி ஆமத்தூர்ப் பக்கம் ஓர் ஆலையில் வெடிமருந்து அடைக்கிற அறையில் வேலை பார்க்கிறாள். கதவுக்கு மேலே "ஆட்கள் 4" என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். சீசன் நேரத்தில் உள்ளே ஒன்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். மருந்து லேசாக உரசினால் போதும். நாலு பேர் என்றால் எழுந்து ஓடலாம், ஒன்பது பேர் என்றால் ஒருத்தி மேல் ஒருத்தி விழுவதற்குத்தான் நேரம் இருக்கும். இதை நினைத்தால் பாண்டிலட்சுமிக்குச் சோறு இறங்காது.

"போர்மேன்கிட்ட சொல்லேன்டி" என்றாள் ஒருநாள்.

"நாலு பேருதான் இருக்கணும்னு நான் வாயத் தொறந்தா, மொதல்ல என்னையத்தான் வெளிய அனுப்புவாக. நீ சும்மா கெட" என்றாள் பொன்மணி.

பாண்டிலட்சுமி சும்மா கிடக்கவில்லை. கார்ட்டூன் தொடரில் ஒரு காக்காவை வைத்தாள். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற காக்கா. கூடவே, சுவரில் ஒட்டிய அறிவிப்பை முழுக்கப் படித்துவிட்டுத் தின்னும் கழுதை, மருந்து வாசம் பட்டால் தும்முகிற வெள்ளாடு, எல்லாவற்றுக்கும் தலையாட்டும் ஓணான், எந்த இடத்துக்கும் காரியம் முடிந்தபின் வந்து சேரும் ஆமை. இவை ஐந்தும் வீரன் என்ற பையனோடு ஆலை ஆலையாகப் போய் ஆபத்தைத் தடுக்கும். பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், "அம்மா, ஒங்க அறையில எத்தன பேரு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்பது அவள் கணக்கு.

ஒப்புதல் கூட்டத்தில் பாண்டிலட்சுமி படத்தைத் திரையில் ஓட்டிக் காட்டினாள். ராஜபாண்டியன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நாயகனுக்கு என்ன வயசு?"

"பத்து, சார்."

"பத்து வயசுப் பையன் பட்டாசு ஆலைக்குள்ள போறானா? குழந்தைத் தொழிலாளர் ஆயிடாதாம்மா?"

"அவன் வேலைக்குப் போகல சார். ஆளுகளைக் காப்பாத்தப் போறான்."

"காப்பாத்துறதும் வேலைதான். பதினெட்டு ஆகட்டும்."

"ஆமா சார்" என்றார் உதவியாளர்.

அப்படியே வீரனுக்கு மீசை முளைத்தது. அடுத்து ஆமை.

"இது எந்த அலுவலகத்தைக் குறிக்குது?"

"எதையும் குறிக்கல சார். ஆமைன்னா ஆமைதான்."

"அப்படின்னு எழுதிக் குடுத்துடுங்க."

'இந்த ஆமை ஆமையை மட்டுமே குறிக்கும்' என்று பாண்டிலட்சுமி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஓணானைப் பார்த்ததும் அலுவலர் முகம் மலர்ந்தது. இதற்கு இன்னும் இரண்டு காட்சி கூட்டலாம் என்றார். உதவியாளர் தலையாட்டினார், திரையில் ஓணானும் ஆட்டியது.

கடைசியாக அந்தக் காட்சி வந்தது. மருந்து அறையில் மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். வீரன் நுழைகிறான். பின்னாலேயே ஐந்து மிருகங்களும் நுழைகின்றன. கதவில் உட்கார்ந்து காக்கா எண்ணுகிறது: "மொத்தம் ஒன்பது! போர்டுல நாலு! அஞ்சு அதிகம், வெளிய போங்க!" மற்ற நாலையும் கொத்தி விரட்டிவிட்டு, கடைசியில் அதுவும் வெளியே பறந்துவிடுகிறது.

அலுவலர் கையை உயர்த்திப் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"ஒரே அறையில ஒன்பது! இது விதிமீறல்" என்றார் ராஜபாண்டியன்.

"அதத்தான சார் காக்கா சொல்லுது!"

"காக்கா சொல்லலாம். நாம சொல்லலாமா? நம்ம பகுதியில எந்த அறையிலயும் நாலுக்கு மேல ஆள் கிடையாது. அறிக்கை இருக்கு. இதைப் போட்டா அந்த அறிக்கை என்னாகும்?"

பாண்டிலட்சுமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எந்தங்கச்சி அறையில ஒம்பது பேரு இருக்காக, சார்!"

"அப்படியா? எந்த ஆலை? தங்கச்சி பேரு, முகவரியோட எழுத்துப்பூர்வமா குடுங்க. உடனே நடவடிக்கை எடுக்குறோம்."

அவள் எழுதிக் கொடுக்கவில்லை. பேரோடு எழுதிக் கொடுத்தால் நடவடிக்கை யார் மேல் பாயும் என்று திருத்தங்கலில் பிறந்தவளுக்குத் தெரியாதா?

மிருகங்களை எடுத்துவிடலாம் என்றால், ஐந்து மிருகம் என்று மேலிடத்தில் ஒப்புதல் வாங்கியாயிற்று. அறையைப் பெரிதாக்கலாம் என்றால், அறையின் அளவுக்கும் விதி இருக்கிறது. தனிப்பிரிவு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது: 'மேற்படி அறையில் காணப்படும் கழுதை முதலான ஐந்தும் துணைக் கதாபாத்திரங்களே ஆகும். துணைக் கதாபாத்திரங்கள் நபர் எண்ணிக்கையில் சேரா.'

"அப்ப யாரும் வெளிய போக வேண்டாம். காக்கா நாலுன்னு எண்ணட்டும்" என்றார் ராஜபாண்டியன்.

"மிச்சம் அஞ்சு, சார்?"

"மிச்சமே இல்லையேம்மா."

"வெடிச்சா, துணைக் கதாபாத்திரம்னு பாத்தா சார் வெடிக்கும்?"

"வெடிக்காதும்மா. இது குழந்தைகள் படம்."

தொடர் வெளியாகி அமோக வரவேற்புப் பெற்றது. மீசை வைத்த வீரனை ஒரு பிள்ளையும் சீந்தவில்லை. கழுதைக்கும் காக்காவுக்கும்தான் கைதட்டல். ஆலைகளிலும் திரை கட்டிப் போட்டுக்காட்டினார்கள். படத்தோடு சுற்றறிக்கையின் நகலும் போனது. அரசாங்கக் காகிதத்தை வரி விடாமல் படிக்கிற ஒரே ஆள் அந்தப் பக்கத்தில் பொன்மணியின் போர்மேன் கண்ணுச்சாமிதான்.

அடுத்த வாரம் பொன்மணி வேலை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தாள். சேலையில் ஓர் அட்டை குத்தியிருந்தது. அதில் பாண்டிலட்சுமி வரைந்த கழுதை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"என்னடி இது?"

"நான் இப்ப கழுதை. எங்க அறையில நாலு பேரு ஆளுக. மிச்ச அஞ்சு பேரும் துணைக் கதாபாத்திரம்னு போர்மேன் நோட்டுல எழுதிட்டாரு. மாடத்தி சின்னம்மாதான் காக்கா. நேத்து சோதனைக்கு வந்தாகள்ல, சின்னம்மாவையே எண்ணச் சொன்னாக. அவுகளும் நாலுன்னு எண்ணுனாக. வந்தவுக, படத்தை நல்லபடியா நடைமுறைப்படுத்தி இருக்கீகன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாக."

"நீங்க யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்காம என்ன? ஓணான் எனக்கு, ஒனக்குன்னு ஒரே சண்டை. முன்னெல்லாம் சோதனைன்னா முள்ளுக்காட்டுக்குள்ள ஓடி ஒளியணும். இப்ப உக்காந்த எடத்துலயே இருக்கலாம்லக்கா?"

பாண்டிலட்சுமி தனிப்பிரிவைத் திட்டினாள், கண்ணுச்சாமியைத் திட்டினாள், காக்காவைப் பெற்ற தன் கையையும் திட்டினாள். நடுவில் அச்சாபீஸ் முதலாளியின் போன் வந்தது. சுற்றுவட்டாரத்து ஆலைகளிலிருந்தெல்லாம் அட்டைக்கு ஆர்டர் குவிகிறதாம். ஓர் ஆலையில் ஒரே அறைக்குப் பதினோரு துணைக் கதாபாத்திரமாம், ஐந்து மிருகம் பத்தாதாம், விடிவதற்குள் புதிதாக ஆறு வேண்டுமாம். அவள் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"சரிங்க அண்ணாச்சி" என்றுதான் வந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டு, கீரி, மைனா, அணில் என்று ஒவ்வொன்றாக வரைய ஆரம்பித்தாள். பொன்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கு அணில் பிடித்துப்போயிற்று.

"அக்கா, கழுதைன்னா பள்ளிக்கூடத்துல எம்பிள்ளையக் கேலி பண்ணுதுக. அணில எனக்கு எடுத்து வையி."

"சரிடி."

"வாலைக் கொஞ்சம் பெருசாப் போடு. தூரத்துல இருந்து பாத்தாலும் ஆளுன்னு தெரியக் கூடாது."

பாண்டிலட்சுமி வாலைப் பெரிதாக்கினாள்.