சேஃப்டி அக்கா எழுதிய கட்டுரை

கும்மிடிப்பூண்டியில் ஒரு கொசு கடித்தால்கூட, அது ஏன் கடித்தது, இனிமேல் கடிக்காமலிருக்க யார் என்ன செய்யவேண்டும் என்று கூட்டம் போட்டு விசாரிக்கக்கூடிய ஒரே மனுஷி சேஃப்டி அக்காதான். வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்கள் விடுதியில் அதை யாரும் கேட்டதில்லை.

தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்கள் தங்கும் விடுதி அது. காக்களூரிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய முதல் நாள், குளிக்கப் போனேன். குளியலறை வாசலில் கம்பெனியில் கழித்துப்போட்ட ஆரஞ்சுக் கூம்பு ஒன்று நின்றது, நடு ரோட்டில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே, அது.

"இன்னாக்கா இது?"

"தரை ஈரமா கீது. வழுக்கி உழுந்தா உங்க நைனாவுக்கு யாரு பதில் சொல்றது? சோப்பக் கையில புடிச்சிக்கினு நடக்காத. டப்பால போடு."

இப்படித்தான் எங்கள் அறிமுகம் நடந்தது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினால் மறுபடி ஏறிப்போய் ஒழுங்காக இறங்கவேண்டும். ஒருத்தி காதலனோடு போனில் கொஞ்சிக்கொண்டே இறங்கினாள். "லவ்வெல்லாம் தரைக்கு வந்து பண்ணு" என்று படியிலேயே நிறுத்திவிட்டார். அந்தப் பையன் லைனிலேயே காத்திருந்தான், பாவம்!

அக்கா கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அப்போது அங்கே நிரந்தர வேலை ஒன்று வந்தது. யார் ஹெல்மெட் போடவில்லை, யார் கையுறை மாட்டவில்லை என்று நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதுதான் வேலை. சம்பளம் தராவிட்டாலும் அதைத்தான் அக்கா செய்துகொண்டிருந்தார். ஆனால் பிளஸ் டூ பாஸாகியிருக்க வேண்டும். அக்காவுக்கு மற்ற பாடமெல்லாம் பாஸ், ஆங்கிலம் மட்டும் ஒவ்வொரு முறையும் காலை வாரிக்கொண்டிருந்தது.

ஒப்பந்தமும் முடியப்போகிறது. இந்த முறையும் வாரினால் சொந்த ஊரான ஆரம்பாக்கத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான். அங்கே அண்ணன் ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார்.

"ஆளு எப்படிக்கா?"

"ஹெல்மெட் இல்லாம வண்டி ஓட்றான்டி. அவன்கூட எப்படிக் குடும்பம் நடத்துறது?"

நான் பி.காம். என்பதால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று விடுதியே முடிவுகட்டியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பாட்டு மேஜையில் பயிற்சி. இலக்கணம் தேறியது, பாடல் வரிகள் தேறின. கட்டுரையில்தான் வண்டி நின்றது.

கம்பெனியில் எந்த வேலை சொல்லிக்கொடுத்தாலும் மூன்று கேள்வி கேட்பார்கள். இது என்ன வேலை? இதில் என்ன ஆபத்து? அதைத் தடுக்க என்ன வழி? அக்காவுக்கு உலகமே இந்த மூன்று கேள்விக்குள் அடங்கிவிட்டது. 'என் தாய்' என்று தலைப்புக் கொடுத்தேன். தாய் சமைக்கிறார் என்று அழகாக ஆங்கிலத்தில் ஆரம்பித்து, அடுத்த பத்தியில் கொதிக்கும் எண்ணெய், கேஸ் கசிவு, வழுக்கும் தரை எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினார். தாய் அவசியம் ஷூ அணியவேண்டும் என்று கட்டுரை முடிந்தது.

"அக்கா, அம்மான்னா பாசத்தப் பத்தி எழுதணும்க்கா!"

"பாசம் கீறதாலதான்டி ஷூ போடச் சொல்றேன்."

தலைப்பை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். மழைக்காலம் என்றால் அறுந்த மின்கம்பி, திருவிழா என்றால் குளத்துப் படிக்கட்டுப் பாசி. பூந்தோட்டம் என்று கொடுத்தால் தப்பிக்க முடியாதே என்று நினைத்தேன். பாம்பு வந்தது. கடைசியில் பேரத்தில் இறங்கினேன்.

"ஒரே ஒரு ஆபத்து எழுதிக்கோக்கா. மிச்சமெல்லாம் நல்லதா எழுது."

"ஒண்ணுதானா? பேஜாரா கீதே" என்று அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

தேர்வன்று நானும் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசல்வரை போனேன். உள்ளே நடந்ததை வெளியே வந்த பெண்கள் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். வினாத்தாள் கொடுப்பதற்கு முன்பே அக்கா கையைத் தூக்கியிருக்கிறார். தலைக்கு மேலே ஃபேன் ஆடுகிறதாம். "ஒக்காரும்மா" என்று அதட்டிய மேற்பார்வையாளர், அண்ணாந்து பார்த்துவிட்டு, தன் நாற்காலியை முதலில் நகர்த்திக்கொண்டாராம். பிறகு அந்த வரிசை பெஞ்சுகள் எல்லாமே சுவரோரம் போயிருக்கின்றன.

அக்கா மட்டும் கடைசியாக வந்தார். முகம் செத்துக் கிடந்தது.

"இன்னாக்கா ஆச்சு?"

"'என் தோழி'ன்னு கட்டுரை வந்துச்சு. உன்னப் பத்தி எழுதினேன்."

"என்னையா? ஐயோ, இன்னா எழுதின?"

"நல்லாப் பேசுவ, பொறுமையாச் சொல்லிக் குடுப்ப, எல்லாம் எழுதினேன். நீ சொன்ன மாதிரி ஒரே ஒரு ஆபத்துதான் எழுதினேன்."

"என்கிட்ட இன்னாக்கா ஆபத்து?"

"தையில உனக்குக் கல்யாணம். வேப்பம்பட்டு மாமியார் வூட்டுக்குப் போய்டுவ." அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தடுக்க இன்னா வழின்னு எழுத ரெண்டு வரி இடம் உட்டேன். எவ்ளோ யோசிச்சும் ஒண்ணும் வரலடி. காலியாவே குடுத்துட்டு வந்துட்டேன். அதுக்கு மார்க் போய்டுமா?"

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அக்காவுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"லாரி வர்ற ரோடுடி இது. ஓரமா வந்து அழு."

அக்கா பாஸ். தாவிக் குதித்துப் பாஸாகவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிய பாஸ்தான். வேலையும் கிடைத்தது. ஆரம்பாக்கத்து மாப்பிள்ளை வேறு பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

அந்தத் தாளைத் திருத்திய புண்ணியவான் யாரோ, எனக்குத் தெரியாது. அந்த ரெண்டு வரிக்கு மார்க்கைக் குறைத்துத்தான் இருப்பார், அது அவர் வேலை. என் கையில் கொடுத்திருந்தால், எழுதாமல் விட்ட அந்த இடத்துக்குத்தான் மொத்த மார்க்கையும் போட்டிருப்பேன்.