கன்றின் குடலுக்கு இன்னும் ஒரு சிட்டிகை

எதையும் இருக்கிறபடி விட்டுவைக்கத் தெரியாத ஓர் இனம் இந்த உலகத்தில் உண்டு. இவர்களுக்கு வெறும் தண்ணீர் என்றால் ஏமாற்று வேலை. வெறும் பால் என்றால் பாதியில் விட்ட வேலை. கன்றோ குஞ்சோ குட்டியோ, அது வாயைத் திறந்தால் போதும், உள்ளே ஒரு பொடியைத் தூவாவிட்டால் இவர்களுக்குக் கை அரிக்கும். சிட்டிகைக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்ததே இல்லை என்கிறீர்களா? அதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

நம் சிட்டிகைக்காரரின் தொழுவத்தில் மாடு ஒன்றுதான். அதுவும் டப்பாக்களுக்கு இடம் விட்டு ஒதுங்கித்தான் நிற்கும். குடலில் நல்ல கிருமிகளைக் குடியேற்ற ஒரு பொடி, குடியேறியவை பட்டினி கிடக்காமலிருக்க அவற்றுக்குத் தீனியாக இன்னொரு பொடி, கெட்ட கிருமிகளை விரட்டப் புளிப்புப் பொடி, புளிப்பு மிஞ்சினால் தணிக்கச் சுண்ணப் பொடி, ஈஸ்ட், பூண்டுச் சாறு, நஞ்சை உறிஞ்சும் களிமண், இத்தனையும் உள்ளே போய் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டால் சமாதானம் பேச ஒரு டானிக். யாராவது எதிரே வந்தால் வணக்கத்துக்கு முன்பே, "கன்னுக்குக் கழிச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்பார். கன்று வளர்க்காதவரிடம் அவருடைய கழிச்சலை விசாரிப்பார்.

சிரிக்க வேண்டாம். போன ஈற்றில் பிறந்த கன்று கழிச்சலில் செத்துப்போனது. அன்று காலியாகக் கிடந்த கயிற்றை அவர் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மறுநாள்தான் முதல் டப்பா வந்தது. மற்ற டப்பாக்கள் அதற்குத் துணையாக வந்தவை.

இப்போது மாடு மறுபடி ஈன்றிருக்கிறது. மனைவி சாக்குத் துணியால் கன்றைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார்.

"சீம்பாலை உடனே குடுங்க. எதிர்ப்பு சக்தி எல்லாம் அதுலதான் இருக்கு. நேரம் போச்சுன்னா குடல் அதை உள்ள வாங்காது" என்றார் டாக்டர்.

"அதுல என்ன சேக்கணும் டாக்டர்?"

"ஒண்ணும் வேணாம்."

"சரிங்க. ஒண்ணும் வேணாம்னா, எத்தனை கிராம்?"

டாக்டர் போனை வைத்துவிட்டார்.

சிட்டிகைக்காரர் சீம்பாலைக் கறந்து, டப்பாக்கள் அடுக்கியிருந்த மேஜைக்குக் கொண்டுபோனார். முதலில் புளிப்புப் பொடி. பால் திரிந்தது. திரிந்ததைச் சரிசெய்யச் சுண்ணப் பொடி. பால் பொங்கியது. பொங்கியதை அமுக்கக் களிமண். இப்போது பாத்திரத்தில் கரண்டி யாரும் பிடிக்காமல் தானாக நின்றது. அவருக்கு ஒரே பெருமை. "பாத்தியா, எவ்வளவு சத்து!"

"ஏங்க, கன்னு எந்திரிச்சு நின்னுடுச்சு. பசியில என் முந்தானையைச் சப்புது" என்றாள் மனைவி.

"இரு, இன்னும் செரிமானப் பொடி போடல."

"எதைச் செரிக்க? உள்ள ஒண்ணுமே போகலையே!"

"போன தடவை என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?" அவர் அலமாரியைத் திறந்தார்.

அவள் மறக்கவில்லை. அதனால்தான், அவர் செரிமானப் பொடியைத் தேடி அலமாரிக்குள் தலையை விட்ட நேரம் பார்த்து, கன்றைத் தாயிடம் தள்ளிவிட்டாள். கன்று முட்டியது, சப்பியது, வாலை ஆட்டியது, வாயோரம் நுரை வழிய வயிறு புடைக்கக் குடித்துவிட்டு வைக்கோலில் சாய்ந்தது.

அவர் கலவையைப் பாட்டிலில் அடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். கன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, பசியே இல்லையே! பசி தூண்டுற பொடி எங்கடி?"

"அதுதான் குடிச்சாச்சு. ஆத்தாகிட்ட."

காதில் விழுந்தால்தானே? பசிப்பொடியையும் திணித்த பாட்டிலைக் கன்றின் மூக்கடியில் நீட்டினார். பூண்டும் புளிப்பும் ஏறியதில் கன்று ஒரு தும்மல் போட்டது, துள்ளி எழுந்தது, தாயைச் சுற்றி ஓடியது.

"பாத்தியா, பாத்தியா! வாசனைக்கே இப்படி!" அவர் கண்ணில் தண்ணீர். அது பூண்டால் வந்தது என்று மனைவி இன்றைக்கும் சொல்வதில்லை.

கன்று கழிச்சல் இல்லாமல் வளர்ந்தது. டாக்டர் வந்து தட்டிக்கொடுத்து, "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். "தாய்ப்பால்" என்றாள் மனைவி. "மோப்பம்" என்றார் அவர், அதே மூச்சில். டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

இப்போது அக்கம்பக்கத்தில் எங்கே கன்று பிறந்தாலும் சிட்டிகைக்காரரைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். அவர் பாட்டிலோடு புறப்படுவார். மனைவி முன்னாலேயே போய்ச் சேர்ந்து, "அவர் வர்றதுக்குள்ள கன்னை ஊட்ட விட்டுடுங்க" என்று சொல்லிவைப்பாள். அதனால் மோப்ப வைத்தியம் இதுவரை ஒருமுறைகூடத் தோற்றதில்லை. தும்மாத கன்றுகளுக்காக மட்டும் இன்னும் ஒரு சிட்டிகை கூட்டுவதாக உத்தேசம்.

நல்லது, உங்கள் விஷயத்துக்கு வருவோம். வீட்டுப் பிள்ளையின் பால் டம்ளருக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த டப்பாக்களைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். இதைப் படித்து முடித்ததும், 'நல்லாத்தான் இருக்கு, ஆனா இன்னும் கொஞ்சம் ஏதாவது சேர்த்திருக்கலாம்' என்று தோன்றியதா? எங்கே, கையைக் காட்டுங்கள். பார்த்தீர்களா, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதற்குள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.