நாரணாபுரத்தில் ஒரு பாய்மரம்

மூன்றாவது முறையும் படகின் பூம் விழுந்தது. இம்முறை மைத்துனன் பாண்டிமுருகனின் தோளில்.

"மச்சான், ஒங்க படகு கடலுக்குப் போகுதோ இல்லையோ, என்னய ஆசுபத்திரிக்கு அனுப்பிரும் போலயே!"

"அதுக்கடியில ஏன்லே போயி நின்ன?" என்று பதறி ஓடிவந்தாள் அவனுடைய அக்கா பொன்னுத்தங்கம்.

அவள் கணவர் பாலகுரு குனிந்து, கழன்று கிடந்த நட்டைப் பொறுக்கினார். பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தோராண்டு ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். தூத்துக்குடியில் வாங்கிய பழைய பாய்மரப் படகை, நாரணாபுரத்தில் தம் வீட்டை ஒட்டிய காலிமனையில், லாரி டயர்களின்மேல் நிறுத்தியிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர் கிடையாது, கண்மாயிலும் கிடையாது. நாளை, ஞாயிற்றுக்கிழமை, படகை ஏற்றிப்போக டிரெய்லர் வருகிறது. பிறகு கொச்சிவரை தனியொருவராகக் கடற்பயணம். இந்த வாய்ப்பு தவறினால் மழைக்காலம் வந்துவிடும். அறுபத்திரண்டு வயதில், அடுத்த ஆண்டு என்ற ஒன்றை நம்ப அவர் தயாராக இல்லை.

மிச்சமிருந்தது ஒரே வேலை. பாயின் அடிவிளிம்பைப் பிடித்துக்கொண்டு படுக்கைவாட்டில் நிற்கும் கம்புக்குத்தான் பூம் என்று பெயர். அதுவரை அதைக் கயிறு ஒன்று தாங்கியிருந்தது. இனிக் கயிறு வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் வைத்த 'வேங்' என்னும் குழாயைப் பாய்மரத்தின் அடியிலிருந்து பூமுக்குச் சாய்வாக முட்டுக் கொடுத்தால் போதும். நான்கு போல்ட், அரைநாள் வேலை என்றது கையேடு.

செவ்வாயன்று பொருத்தினார், பித்தளை போல்ட்டுகளால். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி, பொறி பறந்தால் ஷெட்டே இருக்காது என்று முப்பத்தோராண்டு ஊருக்குச் சொன்ன மனிதருக்கு இரும்பைத் தொடவே கை கூசியது. கயிற்றை அவிழ்த்தார். பூம் கம்பீரமாக நின்றது. புதன் காலையில், மேல்தளக் கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு கிடந்தது.

"பித்தளைதான, மெத்துன்னு நெகிழ்ந்திருச்சு" என்றார்.

பொன்னுத்தங்கம் காபியை நீட்டினாள். "வெரசா முடிங்க. நீங்க கெளம்புனாத்தான் எனக்கு நிம்மதி."

தடித்த போல்ட் போடுவதற்காகத் துளைகளைப் பெரிதாக்கினார். வியாழன் காலையில் பூம் மறுபடி கீழே. துளை பெருத்ததில் பாய்மரத்திலும் விரிசல். விரக்தி முற்றி, விரிசலை அடைக்க வெல்டர் முனியராஜை அழைத்தார். முதல் பொறி பறந்ததும் தெரு கலைந்தது.

"ஏலே முனியராஜு! பக்கத்து குடோன் நெறய சீசன் பட்டாசு கெடக்குலே! பாலகுரு அண்ணே, நீங்களுமா?" என்று எதிர்வீட்டு முருகம்மாள் அலறினாள்.

அவமானத்தில் பாலகுரு குன்றிப்போக, பயத்தில் முனியராஜ் வெல்டிங் ராடை ஒரே இடத்தில் அழுத்திவிட, விரிசல் இருந்த இடத்தில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை விழுந்தது.

வெள்ளியன்று அந்த ஓட்டையை மூடித் தகட்டுப் பட்டை ஒன்றைச் சுற்றி, பல்லைக் கடித்து நட்டுகளை முடுக்கினார். அதன் பலன்தான் இன்று காலை பாண்டிமுருகனின் தோள்.

சனிக்கிழமை நண்பகல், சிவகாசியில் ஒச்சப்பனின் இரும்புக்கடையில் போய் நின்றார். கழன்று கிடந்த நட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"தம்பி, ஒரு ஜென்மத்துக்கும் கழலாத நட்டு இருந்தாக் குடுப்பா. இரும்பாவே குடு."

"நீங்களா இரும்பு கேக்கீக?"

"எங்கையில எதுவும் நிக்க மாட்டேங்குதுப்பா. நான் முடுக்குன மிஷினெல்லாம் இம்புட்டு வருசம் எப்பிடித்தான் ஓடுச்சோ! நாளைக்கு டிரெய்லர் வேணாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

ஒச்சப்பன் நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒங்க முடுக்குல ஒரு கொறையுமில்லண்ணே, செவ்வாக்கெழமையே மதினி வந்து, 'அவுக முடுக்குனதக் கழட்டத் தெம்பு பத்தல, நீளமான ஸ்பேனராக் குடு தம்பி, அவுகளுக்கு நீச்சல் தெரியாது'ன்னு வாங்கிட்டுப் போனாகளே!"