கோயமுத்தூர் ராதிகா கேட்ட பத்து மாலை

சேவூர் சிவப்பிரகாசம் தம் மனைவியின் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்துவது என்று தீர்மானித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆடி வெள்ளியன்று, காலைப் பலகாரம் சாப்பிட்டுக் கை கழுவும்போது தீர்மானித்தார். இட்லி ஓரத்தில் கொஞ்சம் கெட்டி என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்லக்கூடாது. குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கினவர். ஆரணியில் நெசவாளர் சங்கம் ஒன்றில், நெய்து வரும் பட்டுச் சேலைகளைப் பிரித்துப் பார்த்துத் தரம் சொல்லும் வேலை. முப்பது வருஷம் பார்த்தார். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதுவார். நீளம் சரி. அகலம் சரி. கரை சரி. இழை அறவில்லை. எண்ணெய்க் கறை இல்லை. முதல் தரம். அந்தச் சீட்டுகளில் நாலைந்து தினமும் சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்துவிடும். துவைக்குமுன் பையைக் காலி செய்வது மனைவி அபிதகுசாம்பாளின் வேலை. அதையும் முப்பது வருஷம் பார்த்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு சேலை வருவது நின்றது. அவர் கண் நிற்கவில்லை. ரசம், வாசல் கோலம், பக்கத்து வீட்டுச் சுவர், எல்லாவற்றையும் பார்த்துத் தரம் சொன்னார். கட்டின மனைவிக்கு மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் முதல் தரம் வாய்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தேவிகாபுரம் பெரியநாயகி அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டாள்.

அபிதகுசாம்பாள் செய்தது பட்டுநூல் மாலை. தறியில் நெடுக்கே பூட்டின ஒரு பாவு தீர்ந்ததும் மிஞ்சுகிற நூல் முனைகளை அறுத்துப் போடுவார்கள். தெருவில் நாலு வீட்டில் அதை வாங்கி வந்து, நிறம் பிரித்து, குஞ்சம் கட்டி, சாமி படங்களுக்கு மாலையாகக் கோப்பாள். வாடாது. எறும்பு வராது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகள் சுகன்யா ஒரு நவராத்திரிக்கு வந்தவள், அம்மாவின் மாலைகளைப் போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தாள். தன் பழைய கம்ப்யூட்டரையும் வீட்டில் வைத்து லைன் இழுத்துக் கொடுத்தாள். இது இரண்டாயிரத்து ஏழில். அபிதகுசாம்பாள் எட்டாவது வரை படித்தவள். அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, தமிழில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டரைப் போடுமுன் அதற்கும் ஒரு கும்பிடு உண்டு.

மாதம் நாலு மாலை, ஐந்து மாலை என்று போய்க்கொண்டிருந்தது. அடுத்த வருஷம்தான் முன்னறைச் சண்டை வந்தது. சண்டை என்று சொல்லக்கூடாது, பேச்சு. முடித்த மாலைகளை மடிக்காமல் தொங்கவிட வெளிச்சமான அறை ஒன்று வேண்டும் என்றாள் அபிதகுசாம்பாள். அந்த வீட்டில் வெளிச்சமான அறை ஒன்றுதான். அது முன்னறை. அங்கே மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சிவப்பிரகாசத்தின் தூக்கம். மூன்றிலிருந்து ஐந்து வரை, பக்கத்துத் தெரு பலராமனோடு செஸ். மின்விசிறிக்கு நேர் கீழே சாய்வு நாற்காலி. ஓய்வு பெற்ற மனிதனுக்கு அந்த அறையை விட்டால் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது?

"உன் வியாபாரத்துல குறை எங்கேன்னு எனக்குத் தெரியும்," என்றார் அந்த ஆடி வெள்ளியன்று, கையைத் துடைத்துக்கொண்டே. "அதை என்கிட்ட வுடு. பிள்ளையார் சதுர்த்திக்குள்ள பத்து மாலைக்கு ஆர்டர் வருதா இல்லையா பாரு. வந்துதுன்னா முன்னறை என்னுது. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது."

"வரலைன்னா என்னாங்க?"

"வரலைன்னா நாற்காலிய தூக்கிகினு நானே பின்கட்டுக்குப் போய்டறேன்."

அபிதகுசாம்பாள் சரி என்றாள். அவள் எதற்கும் சரி என்பாள். அதுதான் பயம்.

முதல் வேலையாக சிவப்பிரகாசம் மாலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்டர்நெட் பக்கத்தில் போட்டோவுக்குக் கீழே போட வேண்டிய விவரத்தை மகளுக்குப் போனில் சொன்னார். சங்கத்துப் பழக்கம். குறையை மறைத்துச் சரக்கு கொடுப்பது அவர் பிழைப்பில் பெரிய பாவம். ஆகவே மஞ்சள் மாலைக்குக் கீழே, "மூன்றாம் குஞ்சத்தில் ஓர் இழை குட்டை" என்று வந்தது. பச்சை மாலைக்குக் கீழே, "வலப்பக்கம் அரை விரற்கடை இறக்கம், பார்த்து வாங்கவும்" என்று வந்தது. சிவப்பு மாலைக்கு "இரண்டாம் தரம்" என்று ஒரே வரி. சுகன்யா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வாங்குகிறவன் நம்மைக் கும்பிடுவான் என்றார்.

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாதம் ஐந்து என்று வந்த ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. சதுர்த்திக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பலராமன் காயை நகர்த்திக்கொண்டே, பின்கட்டில் மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் நல்ல காற்று வரும் என்றார். அன்று சிவப்பிரகாசம் ராணியைப் பறிகொடுத்தார்.

மறுநாள் பதினோரு மணி டவுன் பஸ்ஸில் ஆரணிக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ராஜவேலு வைத்திருக்கும் பிரவுசிங் சென்டர். ராஜவேலு நாற்பது வயது ஆள். முன்பு ஜாதகம் டைப் அடித்தவன். பிறர் ரகசியம் அவனுக்குப் பழக்கம். சிவப்பிரகாசம் எழுதிக் கொண்டுபோன காகிதத்தைப் பார்த்து ஒரு பெயரில் இமெயில் தொடங்கி, அடித்து அனுப்பிக் கொடுத்தான்.

கோயமுத்தூரிலிருந்து ராதிகா என்கிற அம்மாள் பத்து மாலை கேட்டிருந்தாள். வீட்டில் பத்து சாமி படம் இருக்கிறதாம். உங்கள் பக்கத்தில் உண்மையை எழுதியிருக்கும் முறை என் மனதைத் தொட்டது என்றும் எழுதியிருந்தாள். விலாசம் அங்கே இருக்கும் பழைய சங்கத்து நண்பருடையது. தீபாவளி வேட்டிக்கு வைத்திருந்த பணம் ராதிகாவின் பெயரில் போயிற்று.

"ஒரே வீட்டுக்குப் பத்து மாலையாங்க?" என்றாள் அபிதகுசாம்பாள்.

"பக்தியான குடும்பம்."

"புண்ணியவதி," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விடியலில் எழுந்து உட்கார்ந்து பத்தையும் கட்டினாள். பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் பார்சல் போயிற்று. முன்னறை சிவப்பிரகாசத்துக்கு. அன்று மதியம் அவர் தூங்கின தூக்கத்தை ராஜாக்கள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சரக்கு கைக்கு வந்த பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று ராதிகாவுக்குத் தோன்றியது. மறுபடி பதினோரு மணி பஸ். முப்பது வருஷம் எழுதின கை, தானாகவே எழுதிற்று. அபிதகுசாம்பாள் அந்தக் கடிதத்தைச் சமையலறையிலிருந்து கண்ணாடியை எடுத்து வந்து, அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

"மாலை பத்தும் வந்தன. நீளம் சரி. நிறம் சரி. முடிச்சு சரி. இழை அறவில்லை. எண்ணெய்க் கறை இல்லை. முதல் தரம்."

இன்னொரு தடவை, மெதுவாக, கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் வாசித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"கோயமுத்தூர்ல எவ்ளோ கச்சிதமா எழுதறாங்க பாருங்க," என்றாள்.

"படிச்ச பொம்பளை," என்றார் சிவப்பிரகாசம், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

ராதிகாவுக்கு அவள் பதில் எழுதினாள். அதை ராஜவேலு காகிதத்தில் எடுத்துக் கொடுத்தான். அன்புள்ள சகோதரி, நீங்கள் மெச்சின விவரமெல்லாம் என் வீட்டுக்காரர் எழுதியது. பெரிய கெட்டிக்காரர். வியாபாரம் வளர அவரை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் படிக்காதவள். நீங்கள் யோசனை சொல்ல வேண்டும்.

சிவப்பிரகாசம் அதை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே மூன்று முறை படித்தார். கெட்டிக்காரர் என்ற வார்த்தையை அவள் வாயால் அவர் கேட்டதே இல்லை. கடிதத்தில் பார்த்ததும் கண் கலங்கியது. திரும்பி சென்டருக்குள் போனார்.

"இன்னா சார், மேடத்துக்கு பேஜாரா?" என்றான் ராஜவேலு.

"அடிப்பா ஜல்தி."

ராதிகா தாராளமாக யோசனை சொன்னாள். அப்பேர்ப்பட்டவரை வீட்டில் வைத்துக்கொண்டு சும்மா விட்டது தவறு. முழுப் பொறுப்பையும் அவரிடமே ஒப்படையுங்கள். அவர் கை படாமல் ஒரு மாலையும் வெளியே போகக்கூடாது. ஒவ்வொரு மாலையோடும் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டை வையுங்கள். அதைப் பார்த்தே ஜனங்கள் வாங்குவார்கள்.

அவர் எங்கே உட்கார்ந்தால் நல்லது என்று அபிதகுசாம்பாள் கேட்டு எழுதினாள்.

முன்னறைதான், என்றாள் ராதிகா. காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் அவரை உட்கார வையுங்கள். அந்த அறையிலிருந்து அவரை யாரும் அசைக்கக்கூடாது. இதை எழுதிவிட்டு சிவப்பிரகாசம் ராஜவேலுவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சகோதரி சொன்னதைத் தட்டாத பெண் அபிதகுசாம்பாள். மறு வாரம் அவர் குளித்துவிட்டு வந்தபோது முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டியிருந்தது. கொடியெல்லாம் மாலை. சாய்வு நாற்காலி எங்கேயும் போகவில்லை. அதற்கு முன்னால் மேஜை வந்திருந்தது. மேஜைமேல் கத்தரிக்கோல், அட்டைப் பெட்டி, பசை, சீட்டுக் கட்டு, பேனா. செஸ் போர்டின் மேல் நூல்கண்டு.

"ராதிகா அம்மா சொன்னாங்க," என்றாள் அபிதகுசாம்பாள். "உங்க கை படாம ஒண்ணும் போகக்கூடாதாம். எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. நான் கட்டிகினே இருக்கேன், நீங்க பாத்து, முனை வெட்டி, சீட்டு எழுதி, பெட்டில போட்டு, போஸ்ட் ஆபீசுக்கு எடுத்துகினு போய்டுங்க."

சுகன்யா பழைய விவரங்களை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்று போட்டாள். இந்த மாலை ஒவ்வொன்றையும் ஆரணியில் முப்பது வருஷம் பட்டுச் சேலை பார்த்துத் தரம் சொன்ன சிவப்பிரகாசம் பார்த்து, கைப்பட எழுதிய சீட்டோடு அனுப்புகிறோம். சீட்டின் போட்டோவும் அதில் இருந்தது. பெரியநாயகி கண் திறந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து, மதுரையிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து என்று நவராத்திரிக்குள் அறுபது ஆர்டர் வந்தது. ஒரு அம்மாள் மாலையோடு சீட்டையும் சாமி படத்தில் மாட்டிவிட்டதாக எழுதினாள். முதல் தரம் என்று எழுதி எழுதி அவருக்கு விரல் வீங்கிற்று. குறை இருந்ததைத் திருப்பிக் கொடுத்தால், அபிதகுசாம்பாள் முகம் கோணாமல் வாங்கிப் பிரித்துத் திரும்பக் கட்டி, அவரிடமே கொண்டுவந்து வைத்தாள்.

மதியத் தூக்கம் போயிற்று. பலராமன் மூன்று மணிக்கு வந்து பார்த்தார். அவர் கையில் ஒரு கத்தரிக்கோல் கொடுக்கப்பட்டது. மறுநாளிலிருந்து பலராமனுக்கு முட்டிவலி.

தம் வீட்டில், தம் அறையில், தம் நாற்காலியில் இருந்து சிவப்பிரகாசத்துக்கு வெளியேற வழி தெரியவில்லை. வாய்விட்டுச் சொல்லலாம் என்றால், முழுப் பொறுப்பும் வேண்டும் என்று எழுதினது யார்? யோசித்துப் பார்த்ததில் அவருக்காகப் பேச உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். பார்சல்களை போஸ்ட் ஆபீசில் சேர்த்துவிட்டு ராஜவேலுவிடம் போனார்.

"ரொம்ப நாளாச்சே, மேடம் நல்லா கீறாங்களா?" என்றான் அவன்.

ராதிகா உருக்கமாக எழுதினாள். அன்புள்ள சகோதரி, உங்கள் வியாபாரம் செழித்தது கண்டு மகிழ்ச்சி. ஆனால் உங்கள் கணவருக்கு வயதாகிறது. மதியம் இரண்டு மணி நேரம் அவரைத் தூங்கவிட வேண்டும். மாலையில் நண்பரோடு விளையாடினால் மூளைக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். இது என் அன்பான வேண்டுகோள்.

அனுப்பிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ராஜவேலு கூப்பிட்டான். பதில் வந்துவிட்டதாம். சென்டரில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிவப்பிரகாசத்துக்குக் கண்ணாடி கொண்டுவர மறந்துபோயிருந்தது. அவனையே படிக்கச் சொன்னார்.

ராஜவேலு தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான்.

"அன்புள்ள ராதிகாவுக்கு, அபிதகுசாம்பாள் எழுதுவது. நீங்கள் சொன்னபடியே ஆகட்டும், இன்று முதல் அவர் மதியம் தூங்கட்டும். பஸ் ஏறுமுன் மார்க்கெட்டில் அரைக் கிலோ தக்காளி வாங்கி வாருங்கள். முதல் தரம் வேண்டாம், ரசத்துக்குத்தான்."